மூன்றாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை

வேலை தேடுகிறவனுக்கு இந்த லிங்க்ட்இன் கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று போன வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மா என்னைக் கேட்டாள். அவள் மகனும் வீட்டில்தான் இருக்கிறானாம். என்னைப் போய்க் கேட்கிறாளே என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஊரப்பாக்கத்தில் எங்கள் சபையில் அந்தச் சமாசாரம் தெரியாதவர் இப்போது யாரும் இல்லை. வேண்டும் என்றும் அவளிடம் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

என் மகன் டேனியலுக்கு நாற்பத்தேழு வயது. மறைமலை நகர்ப் பக்கம் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தான். எந்தச் சாமானை யாரிடம் வாங்குவது, வந்தது நல்லதா மட்டமா என்று பார்க்கிற வேலை. சாதாரண ஆளாகச் சேர்ந்து மேனேஜர் வரைக்கும் வந்தவன். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு பேரை ஒரே அறைக்குள் கூப்பிட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள், கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றி வாங்கினார்கள், கேட் வரைக்கும் செக்யூரிட்டியைக் கூட அனுப்பினார்கள். அவன் மேசை டிராயரில் மறந்துவிட்டு வந்த படிக்கிற கண்ணாடி மறுநாள் கொரியரில் வந்தது. அதோடு பத்தொன்பது வருஷம் முடிந்தது. சரியாகச் சொன்னால் பத்தொன்பதுக்கு இரண்டு மாதம் குறைவு.

தொழிற்சாலைக்கு வெளியே விஷயம் எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவன், அவன் மனைவி ரோஸி, மகள் யூனிஸ், அவனைப் பெற்றவள் நான். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று டேனியல் சொல்லிவிட்டான். காரணம் யூனிஸின் கல்யாணம்.

பம்மலில் இருந்து வந்த சம்பந்தம். மாப்பிள்ளை எபினேசர் நல்ல பையன், பேச்சும் கம்மி. அவன் அம்மா ஞானசௌந்தரி பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்தக்காரர்கள்கூட டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். டிசம்பரில் பெண் பார்க்க வந்தபோது அவள் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னாள். அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிற வழக்கமே தனக்கு இல்லை, பெண்ணின் அப்பாவை லிங்க்ட்இன்னில் தேடிப் பார்த்தேன், பதினெட்டு வருஷமாக ஒரே கம்பெனி என்று போட்டிருந்தது, அது போதும் எனக்கு என்றாள். ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிற மனிதர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்களாம். டேனியலுக்கு முகமெல்லாம் பல்.

அப்போது அது உண்மைதான். அவன் ஒரு பொய்யும் எழுதவில்லை. ஜனவரிக்குப் பிறகு அதை மாற்றாமல் விட்டான், அவ்வளவுதான். பிப்ரவரியில் நிச்சயம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்றான். நிச்சயம் முடிந்தது. ஓலை வாசித்து முடியட்டும் என்றான்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று போதகர் ஐயர் எல்லார் முன்னாலும் படிப்பார். படித்துவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார். அந்த ஒரு நிமிஷம் பெண்ணைப் பெற்றவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். மூன்றாம் ஓலையும் தாண்டிவிட்டால் பிறகு யாரும் பேச முடியாது. டேனியலுக்கு அதுதான் கணக்கு. மூன்றாம் ஓலைக்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம்.

வேலை கிடைத்தால்தானே.

தினமும் காலை ஏழரைக்குச் சட்டையை இன்-பண்ணி, டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான். தெருவில் யாரும் கேட்கக் கூடாதல்லவா. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி எங்கெங்கோ போவான். கிண்டியில் இறங்குவான், அம்பத்தூர் போவான், ஒரகடத்தில் கேட் கேட்டாக நிற்பான். போக இடம் இல்லாத நாளில் எங்கே இருப்பான் என்று நாங்கள் கேட்டதில்லை. சாயங்காலம் வரும்போது சட்டையில் ரயில் தூசி இருக்கும்.

எங்கே போனாலும் கடைசியில் ஒரே பேச்சு. உங்கள் லிங்க்ட்இன் கணக்கு தூங்குகிறது சார். தாம்பரத்தில் ஆள் பிடித்துத் தருகிற ஏஜென்ட் ஒருவன் இன்னும் மோசமாகச் சொன்னானாம். இந்தக் காலத்தில் அதில் உயிரோடு இல்லாதவன் நேரில் வந்து நின்றாலும் நாங்கள் நம்ப மாட்டோம் என்று. அதில் எழுத வேண்டுமாம், மற்றவர்கள் எழுதுவதற்குப் பதில் போட வேண்டுமாம், வேலைக்குத் தயார் என்று நம் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் மாட்ட வேண்டுமாம். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் மாட்டலாம் என்று யூனிஸ் சொன்னாள். டேனியல் அதற்கும் ஒப்பவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமாவே ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறவர்.

மார்ச் மாதம் ஒரு கூத்து நடந்தது. இவனுக்குப் பத்தொன்பது வருஷம் முடிந்ததென்று அந்தக் கணக்கு தானாகவே எல்லாருக்கும் அறிவித்துவிட்டது. வேலையே இல்லாத மனிதனுக்கு வாழ்த்து மேல் வாழ்த்து. சபையில் இருந்து, சித்தப்பா மகன்களிடம் இருந்து, அந்தத் தாய்மாமாவிடம் இருந்து. இவன் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் நன்றி, நன்றி என்று தட்டிக்கொண்டிருந்தான். ரோஸி பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முதல் ஓலை முடிந்தது. இரண்டாம் ஓலையும் முடிந்தது. மூன்றாம் ஓலைக்கு முந்தின புதன்கிழமை, பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் இருந்து கூப்பிட்டார்கள். பம்புக்கு வேண்டிய பாகங்கள் செய்கிற சின்ன இடம். ஆள் எடுப்பதைப் பார்த்துக்கொள்கிற பெண் பெயர் ரூக்சார். முக்கால் மணி நேரம் பேசினாளாம். இவன் வேலை விவரத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எம்.டி.யும் வந்து கைகொடுத்துவிட்டுப் போனாராம். அஞ்சு மாதத்தில் யாரும் இவனுக்குக் கைகொடுத்ததில்லை. எழுந்து வரும்போதுதான் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். நீங்கள் கொடுத்த தாளில் ஜனவரியில் விட்டதாக இருக்கிறது, லிங்க்ட்இன்னில் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாக இருக்கிறது, இதில் எது சார் நிஜம்?

இவன் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறான். அவள் கடிந்துகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் சரி பண்ணிவிடுங்கள் என்றாள். பழைய கம்பெனியில் இருந்து சான்றுக் கடிதம் கிடைக்காது என்கிறீர்கள், அப்படியானால் கூட வேலை பார்த்த ஒருத்தராவது உங்களைப் பற்றி அதில் எழுதியிருக்க வேண்டும், எம்.டி. கேட்பார் என்றாள். ஆறு மணிக்கு அவரிடம் ஒரு பெயரைத்தான் கொடுப்பாளாம்.

வெள்ளிக்கு ஞாயிறு இரண்டே நாள். அந்த இரண்டு நாளைத்தான் அவனால் தாண்ட முடியவில்லை. வியாழக்கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்தான். மாற்றினால் டீச்சர் பார்ப்பாள். மாற்றாவிட்டால் வேலை போகும். யூனிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்பா என்றாள். இவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான், பெற்ற மகளை. அதோடு அந்தப் பேச்சை அவள் விட்டாள். தேதியை மாற்றும்போது மற்றவர்களுக்கு அறிவிப்பு போகாமல் இருக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அணைத்துவிட்டு மாற்றலாம், தானாகத் தேடி வந்து பார்த்தால் தவிர யாருக்கும் தெரியாது என்று வழி சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை அப்படியே செய்தார்கள். செய்துவிட்டு இரண்டு பேரும் வெடிகுண்டைக் கீழே வைத்த மாதிரி ஃபோனை மேசையில் வைத்தார்கள்.

இனி யாராவது எழுத வேண்டும். முதலில் தொழிற்சாலைத் தலைவர் ஸ்ரீநிவாசராகவனிடம் கேட்டான். பன்னிரண்டு பேரின் தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஆனாலும் இவனைத் தம்பி மாதிரி வைத்திருந்தவர். நாலு வரி போதும் சார் என்று இவன் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினான். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் கதிரேசன். இவனுக்குக் கீழே ஸ்டோரில் வேலை பார்த்தவன், பம்மல்காரன், இன்றைக்கும் அங்கேதான் வேலை. வெளியே அனுப்பப்பட்டவனைப் பற்றி உள்ளே இருக்கிறவன் எழுதினால் அவன் தலைக்கே கத்தி. அதனால் கேட்கக் கூச்சப்பட்டான், கூச்சத்தில் மகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் வேலை போனதை மறைத்து வைத்திருப்பதையும் அவனிடம் உளறிவிட்டான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கதிரேசன் யோசிக்கவே இல்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எழுதிவிடுகிறேன் அண்ணா என்றான். அந்தத் தொழிற்சாலையில் ஃபோனை உள்ளே கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி, நாலு மணி டீக்குப் பத்து நிமிஷம், மற்றபடி ஆறேகால் வரைக்கும் அவனைப் பிடிக்கவே முடியாது. அதைச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டான்.

ஒன்றரை மணிக்கு அவனே கூப்பிட்டான். டேனியல் ஸ்பீக்கரில் போட்டான்.

"எய்திட்டேன்ணா. மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன். போய்ப் பாரு. மணி அடிச்சிட்டாங்க, நான் உள்ள போறேன்."

டேனியல் கணக்கைத் திறந்தான். சான்று எழுதுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. காலி. யூனிஸ் அவள் அலுவலகத்தில் இருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். தாம்பரத்தில் மெப்ஸ் என்கிற ஏற்றுமதி வளாகத்தில் வேலை அவளுக்கு. அப்பா, அந்த அண்ணன் அதை சான்று இடத்துல போடல, எல்லாரும் பாக்கற மாதிரி பொதுவுல போட்டிருக்காரு என்றாள். அவள் குரலே சரியில்லை.

ஆலையில் யாராவது ஓய்வு பெற்றால் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல் கொடுப்பார்கள் அல்லவா, மாலை போட்டு, மைக் பிடித்துப் படித்து. கதிரேசன் நல்லா எழுதுவான் என்று இருபது வருஷமாக அங்கே எல்லா வாழ்த்து மடலும் அவன் கையில்தான். டேனியலுக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஆதங்கத்தை அவன் மொத்தமாக இங்கே இறக்கிவிட்டான். ஆயுத பூஜையில் இருவரும் பொரிப் பொட்டலத்தோடு நிற்கிற படம் வேறு. நான் அதை முழுக்கப் படித்தேன். இப்படி இருந்தது:

'எங்கள் டேனியல் அண்ணனுக்கு யாரும் மாலை போடவில்லை. பத்தொன்பது வருஷம் உழைத்தவருக்கு ஒரு டீ பன்னுகூட இல்லை. மட்டமான போல்ட் வந்தால் எவ்வளவு பெரிய இடத்துச் சிபாரிசாக இருந்தாலும் லாரியோடு திருப்பி அனுப்புவார். எனக்கு விரல் நசுங்கியபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் என்னோடு இருந்தவர் அவர். சென்ற மாதம் அவரைத் தாம்பரம் ஸ்டேஷனில் கடைசி பிளாட்ஃபாரத்துப் பெஞ்சில் பார்த்தேன். டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் கல்யாணம் முடியும் வரை வேலை போனது யாருக்கும் தெரியக்கூடாது என்று தினமும் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி வருகிறார். நான் பார்த்தேன். பேசாமல் வந்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். நல்ல கம்பெனிக்காரர்கள் யாராவது இருந்தால் இவரைக் கூப்பிடுங்கள்.'

எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரோஸிக்கும்.

அதற்குள் நானூறு பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். நாங்கள் பார்க்கப் பார்க்க ஐநூறு ஆனது, எழுநூறு ஆனது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கண்ணீர் விட்டு எழுதியிருந்தார்கள். டேனியல் எதையும் படிக்கவில்லை. விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனான். மாப்பிள்ளையின் தாய்மாமா பெயரில் ஒரு சிவப்பு இருதயம் இருந்தது. அங்கே நின்றுவிட்டான்.

கதிரேசன் ஃபோன் லாக்கரில். தொழிற்சாலைக்குள் ஆள் அனுப்பிச் சொல்ல வழியில்லை. ஒன்றே முக்காலில் இருந்து நாலு மணி வரைக்கும் என் மகன் இருந்த இருப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே இருந்தான், வெள்ளம் ஏறுகிறதைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. ஒரு வாய் சோறு சாப்பிடு என்றதற்கு அந்தத் தட்டைத் தள்ளினான். அவன் சின்ன வயதில்கூடத் தட்டைத் தள்ளினதில்லை.

நாலு மணிக்கு லைன் கிடைத்தது.

"கதிரேசா, உன்னை நான் இன்னா கேட்டேன்? நாலு வரி கேட்டேன். என் மானத்தை வித்துட்டியேடா."

"இன்னாண்ணா சொல்ற? நல்லதுதானே எய்தினேன். ஊரே உனக்காக அழுவுது."

"ஊர் அழறதுக்கா கேட்டேன்? என் பொண்ணு ஓலை ஞாயித்துக்கிழமை. தெரியுமா உனக்கு? நான் பெஞ்சுல உட்கார்ந்து திங்கறதை எழுதச் சொன்னேனா உன்னை?"

டேனியல் நிறுத்தவில்லை. பத்து நிமிஷ டீ நேரத்தில் எட்டு நிமிஷம் இவனே பேசினான். அவனைக் கூட்டிக் கொடுத்தவன் என்கிற வரைக்கும் போய்விட்டான். இவன் வாயில் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று பெற்ற எனக்கே தெரியாது. கடைசியில் கதிரேசன், எடுத்துடறேன்ணா என்றான். எடுத்தும்விட்டான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது மறைந்து, இந்தப் பதிவு இப்போது இல்லை என்று ஒரு வரி வந்தது. டேனியல் மூச்சு விட்டான். விட்ட பிறகுதான் மணியைப் பார்த்தான்.

நாலு பத்து. டீ நேரம் முடிந்துவிட்டது. கதிரேசன் ஃபோன் லாக்கருக்குள் போய்விட்டது. சான்று இடம் காலியாகவே இருந்தது. அதை எடுத்துவிட்டு இங்கே நாலு வரி போடு என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தையும் அவன் திட்டித் தீர்த்திருந்தான்.

இன்னும் நாலைந்து பேருக்கு அடித்துப் பார்த்தான். ஒருவன் பெங்களூரில் கூட்டத்தில் இருந்தான். ஒருவன் நாளைக்கு எழுதுகிறேன் என்றான். ஐந்தரை மணிக்கு மறுபடியும் கட்டைவிரல் காட்டினவருக்கே கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை. ஆறு மணி ஆனது.

ஆறு இருபதுக்கு ரூக்சார் கூப்பிட்டாள். நல்ல பெண். சொல்லாமலே விட்டிருக்கலாம், கூப்பிட்டுச் சொன்னாள்.

"சார், உங்களைப் பத்தி ஒரு போஸ்ட் மூணு மணிக்குப் பார்த்தேன். லாரியைத் திருப்பி அனுப்பின விஷயம் ஒண்ணு இருந்துச்சே, அதை எம்.டி.க்கு காட்டணும்னு லிங்க் அனுப்பினேன். எங்களுக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும். அவர் அஞ்சு மணிக்குத் திறந்தா ஒண்ணுமே இல்ல."

டேனியல் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"புரியுது சார். ஆனா அவர் என்ன கேட்டார்னா, ஒரு பக்கம் விட்ட வேலையை விடலன்னு போட்டிருக்கார், இன்னொரு பக்கம் நல்லதா எழுதினதையும் தூக்கிடறார், எதை நம்பறதுன்னு கேட்டார். வேற ஒருத்தரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியாச்சு. நீங்க ப்ரொஃபைலை மட்டும் ஆக்டிவா வச்சிருங்க சார். அடுத்த தடவை பார்க்கலாம்."

தேங்க்ஸ் மேடம் என்றான். அவளுக்கு முப்பது வயது இருக்குமா. ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ரோஸி கதவுக்கு வெளியே நின்று, என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அரை மணி கழித்துத் திறந்தான், சட்டைகூட நனையவில்லை.

மறுநாள் காலை ரோஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவர் எங்க போனாலும் நீங்களும் கூடவே போங்க அத்தை என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அவன் பம்மலுக்குத்தான் கிளம்பினான். பல்லாவரத்தில் ரயில் விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து போனோம். கதிரேசன் வீட்டில் அவன் மனைவி தனம்தான் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள். உள்ளே போனதும் அவள்தான் முதலில் பேசினாள்.

"ராத்திரி பூரா சாப்பிடல இந்த ஆளு. எய்தறதுக்கு முன்னாடி என்னாண்ட கேட்டுச்சு, இதுனால நம்ம வேலைக்கு பேஜாரு ஆவும்னு சொன்னேன். ஆவட்டும், அண்ணன் எனக்கு செஞ்சதுக்கு இது ஒண்ணுமே இல்லன்னுச்சு. அதுக்கு நீங்க குடுத்த பேரு நல்லா கீது."

டேனியல் நின்றபடியே இருந்தான். கதிரேசன் உள்ளறையில் இருந்து வந்தான். அவனைப் பார்த்ததும் இவன் கிட்டே போனான். அவன் நசுங்கின விரல் இருக்கிற கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கதிரேசனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. உக்காருண்ணா, அம்மா நீங்க உக்காருங்க என்றான். தனம் டீ போடப் போனாள்.

வேலை கைவிட்டுப் போனதை டேனியல் சொன்னான். அந்தப் பெண் சொன்னதையும் சொன்னான். கதிரேசன் தலையில் அடித்துக்கொண்டான். இப்பவே மறுபடியும் எழுதுகிறேன் என்று ஃபோனை எடுத்தான். நேற்று எழுதினதை எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை. கேன்டீனில் சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினதாம். அரை மணி நேரம் தட்டினான், அழித்தான், தட்டினான்.

"அதே மாரி வரலண்ணா. நேத்து ஒரு வேகத்துல வந்துச்சு."

பரவாயில்லை என்று டேனியலே சொல்லச் சொல்ல, டேனியல் சார் நேர்மையானவர், பொருளின் தரம் பார்த்து வாங்குவதில் வல்லவர் என்று இரண்டு வரி சான்று இடத்தில் ஏறியது. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் போல இருந்தது. அது போதும் என்று டேனியல் சொன்னான். அப்புறம் அவனே தன் ஃபோனை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அந்தப் பச்சை வளையத்தை மாட்டினான். இனி மறைக்க என்ன இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துபோய்விட்ட பிறகும் அங்கே இருந்து வெள்ளிக்கிழமையும் ஃபோன் வரவில்லை, சனிக்கிழமையும் வரவில்லை. யூனிஸ் எபினேசருக்குக்கூட அடிக்கவில்லை. அப்பா, ஓலை முடியட்டும் என்று அவளும் அதே பாட்டைப் பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆலயத்துக்குள் போனபோது, டீச்சர் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சபை பம்மலில். அங்கேயும் அன்றைக்கு ஓலை வாசிப்பார்கள். அதை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள், தனியாக. ரோஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐயர் வாசித்தார். ஊரப்பாக்கம் திரு. டேனியல் அவர்களின் மகள் என்று பெயர் வந்தபோது டேனியல் தலையைக் குனிந்துகொண்டான். இது மூன்றாம் முறை என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நிறுத்தினார். மேலே மின்விசிறி ஒன்று டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் நாலாவது வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை. ஐயர் அடுத்த அறிக்கைக்குப் போனார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், வேப்பமரத்துக்குக் கீழே அவள் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சபையார். யாரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேனியல் நேரே போய் நின்றான்.

"என் தம்பி வெள்ளிக்கிழமை படிச்சிட்டு சொன்னான்" என்றாள். "நானும் படிக்கலாம்னு போனா இல்ல. யார் எடுத்தது?"

"நான்தான் டீச்சர். எடுக்கச் சொன்னேன்."

"வேலை போறது யாருக்கும் வரும். எங்க அப்பாவுக்கும் வந்துச்சு. ஆனா டிசம்பர்ல நான் உங்க வீட்டுல உட்கார்ந்து பெருமையா ஒண்ணு சொன்னேன். அதை அஞ்சு மாசம் என் வாயிலயே விட்டு வச்சிருந்தீங்க. நானும் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"தப்புதான்."

"கல்யாணம் நடக்கும். பிள்ளைங்க ஒண்ணும் பண்ணல" என்றாள். சிரிக்கவில்லை. கைப்பையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், புறப்படுகிற மாதிரி.

டேனியல் நகரவில்லை. அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"எனக்கு வேலை இல்லை டீச்சர். ஜனவரியில இருந்து இல்லை. எங்கயாவது இருந்தா சொல்லுங்க. உங்க தம்பிகிட்டயும் சொல்லுங்க."

வயசு என்ன என்று கேட்டாள். நாற்பத்தேழு என்றான். சரி என்று தலையை ஆட்டினாள். சொல்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. வெளியே நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பலாம் என்று நினைத்தோம். டேனியல் திரும்பவில்லை. மரத்தடியில் நின்ற சபைச் செயலாளரிடம் போனான். அதே வார்த்தையைச் சொன்னான். அப்புறம் வங்கியில் வேலை பார்க்கிற ஒருவரிடம். அப்புறம் வண்டலூரில் பட்டறை வைத்திருக்கிறவரிடம். எல்லாரும் பார்க்கிறேன் பிரதர் என்றார்கள். சிலர் தோளைத் தட்டினார்கள். கூட்டம் கலையக் கலைய அவன் வேகமாக நடந்தான், ஆள் போய்விடுவார்களோ என்று. எட்டாவது ஆளிடம் போகும்போது ரோஸி அவன் முழங்கையைப் பிடித்து, போதும்ங்க, எல்லாரும் பாக்கறாங்க என்றாள். அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, சார், ஒரு நிமிஷம் என்றபடி ஓடினான்.